ஒண்டிக்கடையும் ‘வன்’னும் உறவா?

ஒன்றோடு ஒன்றை இணைத்துச் சொல்ல ஆங்கிலத்தில் பெயரடைகள் ஏராளம். சிமிலர், அகின், அலைட், காக்னேட்... தேர்வுக்குப் படிக்கும்போது எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஒத்த’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இவை ஒரே பொருள் தருபவை அல்ல.

சிமிலர் என்றால் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதும், உறவு தேவையில்லை. அகின் என்பதில் ‘கின்’ இருக்கிறது, அதாவது சுற்றம். அலைட் என்பது லத்தீனில் ‘கட்டு’ என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. ரத்த உறவு இல்லை, சம்பந்தி மாதிரி பின்னால் ஏற்பட்ட பிணைப்பு. காக்னேட் என்ற லத்தீன் வழிச் சொல்லுக்கு நேர்ப்பொருள் நம் தமிழிலேயே அழகாக இருக்கிறது: உடன்பிறந்த!

இந்த வேறுபாடு வரலாற்றையே மாற்றியிருக்கிறது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். அந்தக் காலத்தில் தென்னிந்திய மொழிகளும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்றே பல ஐரோப்பிய அறிஞர்கள் நினைத்தார்கள். சமஸ்கிருதச் சொற்கள் நிறையக் கலந்திருந்ததுதான் காரணம். 1816இல் சென்னை கலெக்டர் எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்குத் தந்த குறிப்பில் இதை மறுத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றின் வேர்ச்சொற்களை அருகருகே வைத்து, இவை தனிக் குடும்பம் என்று காட்டினார். சமஸ்கிருதத்தோடு இருப்பது கொடுக்கல் வாங்கல், பிறப்பு உறவு அல்ல. 1856இல் கால்டுவெல் இதை விரித்து ஒப்பிலக்கணம் எழுதினார். நூலின் தலைப்பிலேயே ‘குடும்பம்’ என்ற சொல் இருக்கிறது.

சரி, நம்ம ஏற்காட்டுக்கு வருவோம். ஒண்டிக்கடை எல்லோருக்கும் தெரியும். ஒண்டி என்றால் தனி. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் உண்டு. எல்லாம் ‘ஒன்று’ என்பதன் சுற்றம், ஆகவே காக்னேட். தமிழ் ‘ஒன்று’தான் ஆங்கில ‘வன்’ ஆனது என்று சிலர் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். ஆனால் ‘வன்’னின் பழைய ஆங்கில வடிவம் ‘ஆன்’. வகர ஒலி பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் உடன்பிறப்புகள் ஜெர்மன் ‘ஐன்ஸ்’, லத்தீன் ‘ஊனுஸ்’. ஒன்றும் வன்னும் சிமிலர் மட்டுமே.

மலையில் விளையும் காப்பி இன்னொரு வகை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே அதைக் கொண்டுவந்தார். ‘காப்பி’யும் ‘காஃபி’யும் ஒலியில் ஒத்திருப்பது கடன் வாங்கியதால். மாறாக தமிழ் ‘பால்’, கன்னட ‘ஹாலு’ இரண்டும் கேட்க வேறு மாதிரி இருந்தாலும் உடன்பிறந்தவை.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்குப் பெயர் மலையாளி. கேரளத்து மலையாளிகளின் பெயரிலும் இருப்பது அதே ‘மலை’தான். பெயர்கள் உறவு, ஆனால் மக்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்கள் சொல்லும் கதை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை மக்களை அந்தக் கதை உடன்பிறந்தவர்களாக இணைக்கிறது.

அரசின் பட்டியல் வேறு விதமாக இணைத்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மலையாளிகளைப் பழங்குடியினராகக் குறிப்பிட்டபோது தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களையும் சேர்த்தே எழுதியது. அந்த வரிசையில் பர்கூர் மலை அடங்கிய அன்றைய கோவை மாவட்டம் இல்லை. பின்னர் ஈரோடு மாவட்டத்துக்குள் வந்த அந்த மலையின் மலையாளிகள், தங்களுக்கும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுவந்திருக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழைப் பொறுத்தே ஒரு பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது அமையலாம். சிமிலருக்கும் அகினுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவு பெரியது. இனி அகராதியில் ‘ஒத்த’ என்று பார்த்தால், ஒத்த தோற்றமா, ஒத்த பிறப்பா என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.