நப்பசலையார் கண்ட முட்டையும் காவலும்

சேலமும் நாமக்கல்லும் கடல் காணாத சமவெளிகள். நெய்தல் திணையை நடத்தும்போதெல்லாம் இஃது எனக்கு ஒரு குறையாகவே தோன்றுவதுண்டு. புன்னையையும் அடும்பையும் சொல்லால்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அகநானூற்று 160-ஆம் பாடலில் ஆமை முட்டை வருமிடத்தில் மட்டும் வகுப்பு விழித்துக்கொள்ளும். முட்டை நம் ஊர்ப் பொருளல்லவா!

குமுழிஞாழலார் நப்பசலையார் பாடிய அப்பாட்டில், நிறைசூலுற்ற ஆமை அடும்பின் கொடிகள் சிதையுமாறு வந்து, கழிக்கரை மணல்மேட்டின் பக்கத்தே முட்டையிட்டு மறைத்துப் புதைக்கிறது. அம்முட்டை யானைக்கோட்டில் கடைந்த வட்டுப் போன்றது, புலால் நாறுவது. குஞ்சு வெளிப்படுங்காறும் ஆண் ஆமை அதனைக் காத்து நிற்கிறது. இரவில் மறைந்து வந்த தலைவனின் தேர் இன்று ஊரறியப் பகலில் வந்ததைத் தோழி சொல்லும் பாட்டு இது. மறைத்துப் புதைத்தது ஒருநாள் வெளிப்பட்டே தீரும் என்பதை இதன் உள்ளுறையாகக் கொள்ளலாம்.

பாட்டின் முற்பகுதி கண்டு எழுதியது என்பதில் எனக்கு ஐயமில்லை. மாசி, பங்குனித் திங்கள்களில் சோழமண்டலக் கரையேறும் சிற்றாமை இன்றும் அவ்வாறே செய்கிறது. மீனவர் அதனைப் பங்குனி ஆமை என்றே வழங்குவர். பிற்பகுதி மட்டும் புலவர் நெஞ்சின் படைப்பு. பங்குனி ஆமையில் ஆண், குஞ்சாய்க் கடல் புகுந்தபின் கரைக்கு வருவதே இல்லை எனலாம். தாயும் நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டு அவ்விரவே கடலுக்குத் திரும்பிவிடும். தாயில்லா முட்டையையும் ஆமைக் குஞ்சையும் கைவிடப்பட்ட காமத்துக்கு உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் கிளிமங்கலங்கிழாரே இயற்கைக்கு அணுக்கமானவர்.

காவலர் இல்லாத அக்கூட்டை நாயும் நரியும் தோண்டின, மனிதரும் தோண்டினர். தெற்கே மன்னார் வளைகுடாக் கரைகளில் பேராமையின் இறைச்சி பெருவாணிகமாகவே நடந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் 1977-இல் சேர்க்கப்பட்டன. ஆயின் சட்டத்துக்கு முன்பே சென்னையில் சிலர் இரவில் நடக்கத் தொடங்கிவிட்டனர். ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்களும் 1970களின் தொடக்கத்தில் கடற்கரை மணலில் ஆமைத் தடம் தேடி நடந்து, முட்டைகளை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்தனர். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர் இந்தியக் கரைகளைக் காலால் அளந்தவர். 1982-இல் ஆமைகளை ஆராய இலட்சத்தீவின் சுகேலித் தீவில் மழைக்காலம் முழுதும் தனித்திருந்தார். மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிய, அஃது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கைக்குக் கிட்டி, அவரால் அஞ்சலில் சேர்க்கப்பட்டுச் சென்னையை அடைந்தது. தூதிலக்கியம் பயில்வோர் இதனை விட்டுவிடலாகாது.

1980களில் வனத்துறை பொரிப்பகங்களை நடத்திற்று. அது நின்றபோது, 1988-இல், மாணவர்களே ஓர் அமைப்பாய்த் திரண்டு அப்பணியை மேற்கொண்டனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அவர்கள் நடக்கும் இரவுநடை இன்றும் தொடர்கிறது.

இதனை வகுப்பில் சொன்னபோது, கோழிப்பண்ணை வீட்டு மாணவன் ஒருவன் எழுந்து, "அம்மா, முட்டையைத் திருப்பி விடுவார்களா?" என்று வினவினான். நம் பகுதிக் குஞ்சு பொரிப்பகங்களில் இயந்திரம் முட்டைகளை ஓயாது திருப்பிக்கொண்டிருக்கும். கோழியும் அதையே செய்யும். எனக்கு விடை தெரியவில்லை. படித்தறிந்தபின் வியப்பே மிஞ்சியது. ஆமை முட்டையில் கரு சில மணி நேரத்துக்குள் மேலோட்டின் உட்புறத்தே ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் புரட்டினால் கரு சாகும். ஆதலின் தன்னார்வலர் அவ்விரவே முட்டைகளைப் பையில் ஏந்திச் சென்று, தாய் தோண்டியதைப் போலவே கழுத்துக் குறுகி அடி அகன்ற குழியில் வைத்து மூடுகின்றனர். 45 முதல் 60 நாள் வரை மணலின் சூடே அடைகாக்கிறது. சூடு மிக்கால் பெண், குறைந்தால் ஆண்.

2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழகக் கரையில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. இம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 2025 சனவரியில் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்தொதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் ஆமை. இழுவைமடியில் சிக்கி மேலே வர இயலாவிடில் கடலுக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவைமடி வீசலாகாது என்பது விதி. இணைசேர ஆணும் பெண்ணும் அப்பகுதியில் திரள்வதும் அம்மாதங்களிலேயே. ஒரு குஞ்சு வளர்ந்து தாயாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். கரையில் புதைத்ததைக் காக்க ஆள் வந்தாயிற்று. புதைக்க வருபவளைக் காக்கும் ஏற்பாடு இன்னும் முழுமையுறவில்லை.

வரும் மாசியில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்விரவுநடைக்குச் செல்லவிருக்கிறேன். முதலில் பெயர் கொடுத்தவன் அக்கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளை.