பெயர் ஏறாதவர்களின் கணக்கு



ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு கூடியதை நம்மில் பலர் அறிவோம். அங்கே பெயர் பதியாதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. கொல்லப்பட்டவர்களுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. பெயர் ஏட்டில் ஏறாவிட்டால் அவர்களுக்காக நீதி கேட்பாரில்லை. தென் அமெரிக்க நாடான பெருவின் வரலாறு இதற்குச் சான்று.

1980-ஆம் ஆண்டு மே மாதம், ஆயகூச்சோ மலைப்பகுதியிலுள்ள சுச்சி என்னும் ஊரில் 'ஒளிரும் பாதை' இயக்கத்தினர் வாக்குப் பெட்டிகளைக் கொளுத்தினர். அவர்களை அடக்க 1982 இறுதியில் அரசு இராணுவத்தை அனுப்பியது. இரு தரப்புக்கும் இடையே அகப்பட்ட குடியானவர்கள் மடிந்தனர்; பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர்.

உண்மையை அறிய 2001-இல் ஓர் ஆணையம் அமைந்தது. ஏறக்குறைய 17,000 பேர் அதன்முன் வாக்குமூலம் அளித்தனர். இறந்தோர், காணாமற்போனோர் என 23,969 பேரைப் பற்றிய செய்தி கிடைத்தது. சொல்ல ஆளின்றிப் போனவர்கள் எத்தனை பேர்? அதை எவ்வாறு அறிவது?

ஒரு குளத்தில் நூறு மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். மறுநாள் நூறு மீன்கள் பிடிக்கிறோம். அவற்றில் பத்தில் மட்டுமே நம் அடையாளம் இருந்தால், குளத்தில் சுமார் ஆயிரம் மீன்கள் உண்டு எனக் கணிக்கலாம். ஆணையமும் இவ்வாறே பல அமைப்புகள் தனித்தனியே திரட்டிய பட்டியல்களை ஒப்பிட்டது. ஒரே பெயர் பல பட்டியல்களில் திரும்பத் திரும்ப வந்தால், விடுபட்டவர் சிலரே. அரிதாக வந்தால், விடுபட்டவர் பலர்.

2003 ஆகஸ்டு 28-இல் வெளிவந்த அறிக்கை, மாண்டோர் தொகையை 69,280 என மதிப்பிட்டது. முன்பு நம்பப்பட்டதைப்போல் அது ஏறக்குறைய இருமடங்கு. ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்ட கொலைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஒளிரும் பாதையையும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு அரசுப் படைகளையும் அவற்றைச் சார்ந்தோரையும் அது பொறுப்பாக்கியது. 2019-இல் ஓர் ஆய்வாளர் இதே பட்டியல்களை வேறு வகையில் கணக்கிட்டு, மொத்தம் சுமார் 48,000 என்றும் அரசின் பங்கே பெரிது என்றும் வாதிட்டார். முதற்கணக்கைச் செய்தோர் அதை மறுத்தனர். மதிப்பீடு என்றால் விவாதம் எழுவது இயல்பே.

ஆயினும் ஓர் உண்மை நம் நெஞ்சைச் சுடுகிறது. மாண்டோரில் நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழிகளைப் பேசியவர்கள். அத்தனை ஆயிரம் பேர் மறைந்தும் தலைநகர் லீமா அதன் முழு அளவை உணரவில்லை. ஏழையின் மொழி ஏட்டுக்கு எட்டுவதில்லை அல்லவா?

எண்ணிக்கை என்பது வெறும் கணிதமன்று. மறைந்தவரையும் மனிதராக மதிக்கும் முதற்படி அது. இதனை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாக.