மோட்டார் சைக்கிளைக் கண்டுகொள்ளாத சமிக்ஞை விளக்கு: தார்ச் சாலைக்கு அடியில் நடப்பது என்ன?

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு இது பழகிப்போன தொல்லை. தோட்டச் சாலையோ தாமான் சாலையோ பெரிய சாலையில் வந்து சேரும் முச்சந்தியில் விளக்கு சிவப்பாகவே நிற்கும். பெரிய சாலையில் ஒரு வாகனமும் இராது; ஆனாலும் அந்தப் பக்கம் பச்சை எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் போகும், மூன்று நிமிடம் போகும். பின்னால் ஒரு கார் வந்து நின்றால் போதும், சற்று நேரத்தில் பச்சை விழுந்துவிடும். காருக்கு ஒரு நியாயம், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நியாயமா என்று கேட்கத் தோன்றும். விளக்குக்கு ஓரவஞ்சனை ஏதும் இல்லை. மோட்டார் சைக்கிள் அங்கே நிற்பதே அதற்குத் தெரியவில்லை.

எல்லா விளக்குகளிலும் இந்தச் சிக்கல் வராது. பட்டணத்து நாற்சந்திகள் சிலவற்றில் விளக்கு கடிகாரத்தை மட்டும் பார்த்து மாறும். வாகனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை வந்தால் பச்சை விழும். ஆனால் சிறிய சாலை பெரிய சாலையோடு சேரும் இடங்களிலும், வலது பக்கம் திரும்புவதற்குத் தனி அம்புக்குறி உள்ள இடங்களிலும் வாகனம் வந்தால் மட்டுமே பச்சை தரும் முறை பரவலாக உள்ளது. யாரும் இல்லாத சாலைக்குப் பச்சை கொடுத்து மற்றவர்களைக் காக்க வைப்பானேன் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல ஏற்பாடுதான், வந்தவரைக் கண்டுகொள்ளும் வரை.

வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் தார்ச் சாலையை உற்றுப் பார்த்தால், சதுரமாகவோ நீண்ட கட்டமாகவோ வெட்டி மீண்டும் கருப்புத் தார் பூசி அடைத்த தடம் தெரியும். அந்த வெட்டுக்குள் மின்கம்பி சில சுற்றுகளாகப் புதைக்கப்பட்டிருக்கிறது. சாலையோரத்தில் நிற்கும் இரும்புப் பெட்டியிலிருந்து அதில் ஓயாமல் மின்சாரம் அலைந்துகொண்டிருக்கும். கம்பிச் சுருளுக்கு மேலே உலோகம் வந்து நின்றால், அந்த உலோகத்திலும் சிறிய மின்னோட்டம் கிளம்பும். அது சுருளின் காந்தப் புலத்தை எதிர்க்கும். பெட்டிக்குள் இருக்கும் கருவி அந்த மாற்றத்தை அளந்து, "ஆள் வந்துவிட்டார்" என்று விளக்குக்குச் சொல்கிறது.

எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "மோட்டார் சைக்கிள் கனம் போதவில்லை, அதனால்தான் விளக்கு மாறவில்லை" என்று பலர் நம்புகிறார்கள்; அது தவறு. பழக்குலை ஏற்றிய லோரியைவிட, தரையை ஒட்டி நிற்கும் சிறிய கார்தான் சுருளுக்குத் தெளிவாகத் தெரியும். லோரியின் அடிப்பாகம் உயரத்தில் இருப்பதே காரணம். இரும்புதான் வேண்டும் என்பதும் இல்லை. மின்சாரம் பாயும் உலோகம் எதுவானாலும் சரி, அலுமினியமும் நன்றாகவே வேலை செய்யும்.

அப்படியானால் காப்சாய்க்கு என்ன குறை? காரின் அடிப்பாகம் அகலமான உலோகத் தட்டுபோல் சுருளை மூடிவிடுகிறது. காப்சாயின் மேற்போர்வை பிளாஸ்டிக், எஞ்சின் சிறியது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகம் இரண்டு சக்கரங்களின் ரிம் மட்டுமே. அவையும் படுக்கையாக இல்லை, செங்குத்தாக நிற்கின்றன. கட்டத்தின் நடுவில் காந்தப் புலம் கீழிருந்து மேலாகச் செல்கிறது. செங்குத்தான ரிம்மை அது உரசிக்கொண்டு போய்விடும், ஊடுருவாது. கம்பி புதைந்திருக்கும் விளிம்பில் நிலைமை வேறு. அங்கே புலம் கம்பியைச் சுற்றி வளைந்து, ரிம்மின் குறுக்கே பாய்கிறது. ரிம் ஒரு முழு வளையம் என்பதால் அதில் மின்னோட்டம் நன்றாகவே கிளம்பும்.

ஆகவே நிற்க வேண்டிய இடம் கட்டத்தின் நடு அல்ல. வண்டி போகும் திசையிலேயே நீளும் அந்த வெட்டுக் கோடு. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டும் அதன் மேல் இருக்கும்படி நிறுத்தினால் விளக்கு கண்டுகொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். இடப்பக்கக் கோடு, வலப்பக்கக் கோடு எதுவானாலும் பரவாயில்லை. சில கட்டங்களுக்கு நடுவிலும் ஒரு வெட்டு ஓடும். அப்படி இருந்தால் அதுவே ஆகச் சிறந்த இடம்.

இங்கே நம்மவர்களின் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கார்களுக்கு இடையே புகுந்து, வெள்ளைக் கோட்டையும் தாண்டி முன்னால் போய் நிற்பது. பின்னால் கார்கள் இருக்கும் வரை அதனால் விளக்குக்குக் குழப்பமில்லை. கார்களே சுருளின் மேல் நிற்கின்றன. ஆளில்லாத நேரத்தில் அதே பழக்கத்தில் கோட்டைத் தாண்டி நின்றால், வண்டி சுருளை விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். பல விளக்குகளில் வாகனம் சுருளை விட்டு நகர்ந்ததும் அதன் கோரிக்கையும் அழிந்துவிடும். பிறகு விடியும் வரை நின்றாலும் பச்சை விழாது. "சிக்னல் கெட்டுப்போச்சு" என்று சொல்லப்படும் விளக்குகளில் சில உண்மையில் நன்றாகத்தான் இருக்கின்றன.

விளக்கை மாற்றுவதற்கென்று கைவைத்தியங்களும் உண்டு. வண்டிக்கு அடியில் காந்தம் ஒட்டுவது அவற்றில் ஒன்று. சுருள் தேடுவது காந்தத்தை அல்ல, மின்சாரம் பாயும் உலோகப் பரப்பை. ஒட்டிய காந்தத்தால் சொல்லத்தக்க பயன் இல்லை. முன்விளக்கை மினுக்குவதும் அப்படியே. ஹார்ன் அடிப்பதற்கு மட்டும் ஒரு பழைய கதை இருக்கிறது: 1928-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சார்ல்ஸ் ஆட்லர் என்பவர் ஹார்ன் சத்தம் கேட்டு மாறும் விளக்கை அமைத்தார். அதன் அருகில் குடியிருந்தவர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இன்றைய விளக்குக்குக் காது கிடையாது.

சரியாகக் கோட்டின் மேல் நின்றும் பச்சை விழவில்லை என்றால், அது ஓட்டுநரின் குற்றமல்ல. பெட்டிக்குள் இருக்கும் கருவியில் நுண்ணுணர்வைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் கார்களை மட்டும் காணும். மிகவும் கூட்டினால் பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்தே சில இடங்களில் குறைத்து வைக்கிறார்கள். கம்பியைச் சாய்வான வெட்டுகளில் புதைத்தால் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் நன்றாகக் காண முடியும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த விஷயமே. மலேசியாவில் பதிவான வாகனங்களில் கிட்டத்தட்ட பாதி மோட்டார் சைக்கிள்கள் என்கிறபோது, காருக்கு ஏற்றபடி மட்டும் சுருளைச் சரிசெய்துவிட்டுப் போவது அரைகுறை வேலை.

சாலையைச் சுரண்டிப் புதுத் தார் போடும்போது கம்பி அறுந்துபோவதும் உண்டு. கம்பி அறுந்தால், எப்போதும் வாகனம் நிற்பதாகவே எண்ணிக்கொள்ளும்படி பெரும்பாலான கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. எனவே காருக்கு மாறி மோட்டார் சைக்கிளுக்கு மாறாத விளக்கில் சந்தேகப்பட வேண்டியது முதலில் நுண்ணுணர்வைத்தான்.

காத்திருந்து அலுத்துச் சிவப்பில் பாய்வது பெரிய ஆபத்து. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பெரிய சாலையில் பச்சையைப் பார்த்து வேகமாக வரும் லோரி, அந்த நேரத்தில் யாரும் குறுக்கே வருவார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. சட்டமும் விலக்குத் தரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2002-இல், கண்டுகொள்ளாத விளக்கில் வெகுநேரம் காத்திருந்து கவனமாகக் கடந்த மோட்டார் சைக்கிளோட்டி அதையே நீதிமன்றத்தில் எதிர்வாதமாக வைக்கலாம் என்று சட்டம் செய்தது. வெர்ஜினியாவில் 120 விநாடி என்று ஒரு கணக்கே உண்டு. மலேசியாவில் அப்படி எதுவும் இல்லை. சிவப்பை மீறினால் அபராதம், கெஜாரா முறையில் 4 புள்ளி. சிங்கப்பூரில் 400 வெள்ளியும் 12 புள்ளியும் போய்விடும்.

மாட்டிக்கொண்டவர் செய்யக்கூடியவை சில உண்டு. வண்டியைச் சற்றுப் பின்னால் தள்ளி, வெட்டுக் கோட்டைத் தேடி அதன் மேல் நிறுத்திப் பார்க்கலாம். பின்னால் கார் தயங்கி நின்றால், கொஞ்சம் முன்னே வரும்படி கைகாட்டலாம். பாதசாரி பொத்தான் இருந்தால் இறங்கி அதை அழுத்திவிட்டு, பச்சை மனிதன் தோன்றியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடக்கலாம். இடது பக்கம் திரும்ப அனுமதி இருந்தால் அப்படித் திரும்பி, தொலைவில் யு-திருப்பம் எடுப்பது இன்னொரு வழி. இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் சம்மனைவிட மலிவு.

பிறகு புகார் செய்ய வேண்டும். கூட்டரசு, மாநிலச் சாலைகள் என்றால் பொதுப்பணி இலாகாவான ஜேகேஆர். நகரச் சாலைகள் என்றால் அந்தந்த மாநகர் மன்றம் அல்லது நகராண்மைக் கழகம். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம். "லைட் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், பழுதுபார்க்க வருபவர் காரில் வருவார், அவருக்குப் பச்சை விழும், "கோளாறு இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். எந்தச் சந்திப்பு, எந்தச் சாலையிலிருந்து வரும் தடம், எந்த நேரம், எத்தனை நிமிடம் காத்திருந்தது, பெட்டியிலோ கம்பத்திலோ உள்ள எண் ஆகியவற்றோடு "காருக்கு மாறுகிறது, மோட்டார் சைக்கிளுக்கு மாறவில்லை, கோட்டின் மேல் நிறுத்தியும் பார்த்தாயிற்று" என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். அந்த வரியைப் படிக்கும் பணியாளருக்குப் பெட்டியைத் திறந்து எதைத் திருக வேண்டும் என்பது தெரியும்.