வெயிலில் போட்ட மெத்தை



போன நோன்பு விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு மெத்தையைப் பாழாக்கினோம். உம்மாவின் மெத்தை. இடுப்பு நோவுக்குப் படுக்கையை மாற்றிப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னதால், பிள்ளைகள் எல்லோருமாகக் காசு சேர்த்து வாங்கிய இயற்கை இறப்பர் பால் மெத்தை. கடைக்காரர்கள் லேடெக்ஸ் என்பார்கள். ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிய சாமான்.

நோன்புக்கு வீடு கழுவும்போது உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டோம். உள்ளே இருந்த வெண்ணெய் நிற மெத்தையை, புழுங்கிக் கிடக்கிறது, கொஞ்சம் காயட்டும் என்று ஸ்லெப்பில் ஏற்றி விரித்தோம். ஒரு நாளோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நல்ல வெயில் காலம். பத்து நாட்களுக்கு மேல் காலையில் ஏற்றுவதும் அஸருக்குப் பிறகு இறக்குவதுமாக இருந்தோம். பிறகு பார்த்தால் மேல்பக்கம் தேன் நிறமாகிவிட்டது. விரலால் தேய்த்தால் பழைய கேக் மாதிரி உதிர்ந்தது.

கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வெயிலில் போட வேண்டாம் என்று மெத்தையோடு வந்த தாளில் அச்சடித்தே இருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. இதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. எங்கள் மர்ஹூம் வாப்பா முப்பது வருடத்துக்கு மேல் சொந்த இறப்பர்த் துண்டில் பால் எடுத்தவர். சீட் அடித்து ஈரத்தோடு கொடியில் போடும்போது நாங்கள் ஒன்றை முற்றத்து வெயிலுக்கு நகர்த்திவிட்டால் கத்துவார். வெயில் பட்டால் சீட் பிசுபிசுக்கும், தரம் குறையும், கடையில் விலை வெட்டுவார்கள். நிழலில் நீர் வடிய விட்டு, புகை அறையில் காயவைக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெத்தையும் அதே பால்தான் என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்ததில்தான் இந்தப் பதிவு வந்தது. கேகாலை மாவட்டத்து நாம் தலைமுறை தலைமுறையாக இறப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்கிறோம். ஆனால் அதன் மேல் படுத்தவர்கள் அல்ல.

உம்மும்மா காலத்தில் படுக்கை என்றால் பாய். மாப்பிள்ளை வந்தால், பிள்ளைப்பேறு நடந்தால் கொட்டைப் பஞ்சு மெத்தை. அதற்குப் பிறகு தும்பு மெத்தை, ஸ்பொஞ்ச் மெத்தை. பஞ்சு ஈரம் குடித்துக் கட்டியாகும். மூட்டைப் பூச்சியும் குடியேறும். அதனால் பஞ்சு மெத்தைக்கு வெயில்தான் மருந்து. வெயிலில் போட்டுத் தடியால் அடித்தால் பஞ்சு பூரித்து எழும்பும். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறிப்போனது. புது மெத்தைக்கும் பழைய வைத்தியத்தைச் செய்தோம், அவ்வளவுதான்.

இனி மரத்தின் கதைக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசன் பகுதியிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு போனார். நூற்றுக்கு நான்கு கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும் பங்கு, 1,900க்கு மேற்பட்ட கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் இன்றும் இருக்கும் ஹெனரத்கொட பூங்காவில் நட்டார்கள். ஆசியாவில் இறப்பர் நிலைத்து வளர்ந்த முதல் இடம் அதுதான். கல்விச் சுற்றுலாவில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம். பிள்ளைகள் வெளியே விற்ற ஐஸ் சொக்கைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்பது வேறு விடயம்.

பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருக்கும் அழிறப்பரிடம்தான் அந்த ஆங்கிலப் பெயரும் பிறந்தது. தேய்த்தால் பென்சில் கோடு அழிகிறது என்று 1770இல் எழுதி வைத்தவர் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி. தேய்ப்பது என்ற பொருளில் வந்த சொல் அது. 1839இல் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இறப்பர் வெப்பத்தில் இளகாது, குளிரில் உடையாது என்று கண்டுபிடித்த பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது. கோப்பி நோயில் அழிந்து, தேயிலை பிடித்து, மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்குத் தேவை ஏறியபோது, 1900க்குப் பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகள் இறப்பரால் மூடின.

நம் முன்னோர்கள் கண்ட இறப்பர் இதுதான்: விடியற்காலையில் மரத்தில் சாய்வாக ஒரு கீறல், கீழே சிரட்டை, வெயில் ஏறுமுன் பால் சேர்ப்பு, ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் உருட்டி, புகையில் காயவைத்த பழுப்பு நிறச் சீட். சிரட்டையிலும் கீறலிலும் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால். சிங்களத்திலும் அதை ஒட்டபாலு என்றுதான் சொல்கிறார்கள். நம் சொல் அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சீட்டுக்குத்தான் அரிசி வந்தது. 1942இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பான் கையில் விழுந்தபின், நேச நாடுகளுக்குக் கிடைத்த இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையுடையது. மரம் சாகும் அளவுக்குப் பட்டையை வெட்டிப் பால் எடுத்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்களில் இறப்பர் விலை விழுந்தது, அரிசி விலை ஏறியது. 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர் அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. அமெரிக்காவின் முகச்சுழிப்பையும் மீறி அதை முன்னெடுத்தவர் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். வயிற்றுக்கே சீட் விற்க வேண்டிய காலத்தில் பாலை மெத்தையாக்கும் யோசனை யாருக்கு வரும்?

மெத்தைக்குச் சீட் உதவாது. பால் பாலாகவே வேண்டும். இதுதான் நாம் கோட்டைவிட்ட இடம். வெட்டிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கும். மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். மாட்டுப் பாலில் ஆடை பிரிக்கும் மெஷின் போன்ற ஒன்றில் சுழற்றி, இறப்பரை நூற்றுக்கு 60 அளவுக்கு ஏற்றுகிறார்கள். அந்தக் கட்டிப் பாலைச் சவர்க்காரம் சேர்த்து நுரைக்க அடித்து, உறைய வைத்து, ஆவியில் வேகவைத்தால் மெத்தை. 1929இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டன்லப் கம்பனியின் ஆய்வாளர்கள் கண்ட வழி இது. முட்டை அடிப்பது போல் பாலை அடித்துப் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு.

மெத்தையில் வரிசையாக ஓட்டைகள் இருக்கிறதே, அதை அழகுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அச்சுக்குள் நிற்கும் உலோக முளைகள் விட்ட தடம் அது. தடித்த நுரையின் நடுவுக்கும் சூடு போக வேண்டும் என்பதற்காக அந்த முளைகள். பிறகு காற்றுப் போகவும் அதுவே வசதியாகிறது. தலலே என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் அச்சுக்குள் வெற்றிடம் ஏற்படுத்தி நுரையை விரித்து, உறைய வைத்துப் பிறகு வேகவைக்கிறார்கள். அது சற்று மெதுவாக, மேலும் கீழும் ஒரே சீராக இருக்கும். டன்லப் முறையில் அடிப்பக்கம் கொஞ்சம் கெட்டியாக வரும்.

இந்தக் கதை தெரிந்திருந்தால் வாங்கும்போதும் ஏமாறாமல் இருக்கலாம். நாங்கள் முதலில் போன ஒரு கடையில் லேடெக்ஸ் என்று காட்டிய மெத்தையின் சிப்பைத் திறக்கச் சொன்னோம். மேலே ஓர் அங்குலம் மட்டும் இறப்பர், கீழே முழுக்க ஸ்பொஞ்ச். ஸ்பொஞ்ச் வேறு சாதி. 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் கண்ட இரசாயனத்தில் பிறந்தது, மரத்துக்கும் அதற்கும் உறவில்லை. மலிவு, இலேசு, அதற்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் இறப்பர் விலைக்கு அதை வாங்கக் கூடாது. தும்பில் இறப்பர் பால் தெளித்து அழுத்திய மெத்தையும் இருக்கிறது. அது கெட்டியான, நல்ல சாமான். அதையும் முழு லேடெக்ஸ் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். செயற்கை இறப்பர் கலந்த நுரையைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். கலப்பு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

எடையைப் பாருங்கள். 72க்கு 60 அங்குலத்தில், 6 அங்குலத் தடிப்பில் முழு இறப்பர் மெத்தை 30 கிலோ அளவில் இருக்கும். ஒருவர் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் சந்தேகப்படுங்கள். கடையில் வெட்கப்படாமல் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். விளிம்பில் உட்கார்ந்து எழும்பினால் ஒன்றும் விளங்காது. நீங்கள் தூங்கும் பக்கத்துக்கே திரும்பிப் படுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், மல்லாந்து படுப்பவருக்கும் உடம்பு பாரமானவருக்கும் கெட்டியானது நல்லது. வயதானவர்களுக்கு வாங்கும்போது கட்டிலோடு சேர்த்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். உட்கார்ந்தால் கால் நிலத்தில் பட வேண்டும். சுபஹுக்கு இருட்டில் எழும்பும் உம்மாவுக்கு அதுதான் முதல் விடயம். இறப்பர் கையுறை போட்டாலே தோல் தடிப்பவர்கள், மூச்சு முட்டுபவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதை வாங்க வேண்டாம்.

கல்யாண வீடுகளில் பெண் வீட்டார் கட்டில், மெத்தை கொடுக்கும் வழக்கத்தில் யாரும் படுத்துப் பார்த்து வாங்குவதில்லை. தடிப்பையும் உறையின் பூவையும் பார்த்து, லொறியில் ஏற்றும்போது ஊர் காணும்படி வாங்குகிறோம். அந்த வழக்கமே எங்களுக்குப் பிடிக்காது என்பதைப் பலமுறை எழுதிவிட்டோம், இன்று விடுகிறோம்.

மெத்தை வீட்டுக்கு வந்த முதல் கிழமை உம்மா, "இதுல கிடந்தா உடம்பு மிதக்குற மாதிரி இருக்கு, பாயே போதும்" என்றார். இடுப்பு நோவு குறையாமல் தோள் நோவும் சேர்ந்தது. காசு வீண் என்று ராத்தாவுக்கும் எங்களுக்கும் கொஞ்சம் பேச்சுவார்த்தை தடித்தது. பிறகுதான் தலையணையைப் பார்த்தோம். பலகை போன்ற தும்பு மெத்தைக்குப் போட்ட உயரமான இரட்டைத் தலையணை அப்படியே இருந்தது. புது மெத்தையில் தோள் அமிழ்வதால் தலை மேலே தூக்கி நின்றது. ஒன்றை எடுத்துவிட்டோம். நாற்பது வருடம் பாயிலும் தும்பிலும் கிடந்த முதுகு ஒரு கிழமையில் பழகாது. மூன்று, நான்கு கிழமை ஆனது. அதற்குப் பிறகு இரவில் எழும்பி உட்காருவது குறைந்தது. நோவு முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம்.

இறப்பர் மணம் முதல் சில நாட்கள் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். மூடிய பலகைக் கட்டிலில் போட்டால் நம் ஈரக் காலநிலையில் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். சட்டங்களுக்கு இடையே காற்றுப் போகும் இடைவெளி வேண்டும், ஆனால் மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால் மெத்தை தொய்யும். உறையில்லாமல் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியும். இருவர் சேர்ந்து அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். நோயாளிகள் உள்ள வீட்டில் நீர் புகாத விரிப்பு அவசியம், ஏனென்றால் உள்ளே போன ஈரத்தை வெளியே எடுப்பது பெரும்பாடு. காயவைக்க நிழலும் காற்றும் போதும். வாப்பாவின் சீட் மாதிரி.

உம்மாவின் மெத்தையை நாங்கள் வீசவில்லை. உதிர்ந்த தோலைத் துணியால் துடைத்து எடுத்து, புரட்டிப் போட்டு, தடித்த பருத்தி உறை தைத்தோம். இப்போதைக்குத் தாங்குகிறது. எத்தனை வருடம் என்று தெரியாது.

வாப்பாவின் துண்டில் இப்போது பாதி மரங்கள்தான். 2019இல் தொடங்கிய இலை நோயில் இலை கொட்டி, பால் குறைந்து, வெட்ட ஆளும் கிடைக்காமல் மற்றப் பாதியை விறகுக்குக் கொடுத்துவிட்டோம். சீட் அடித்த கை மெஷின் துருப்பிடித்துக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தரம் 11 பிள்ளைகள் அதைப் பார்த்து, இது பப்படம் செய்யும் மெஷினா என்று கேட்டார்கள்.

அடுத்த தவணையில் பாடசாலையில் ஊர் இறப்பர் சாமான்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி செய்ய நினைக்கிறோம். மெஷின் எங்களிடம் உண்டு. பால்வெட்டுக் கத்தி, பழைய சிரட்டைக் கம்பி, சீட் கடைப் பற்றுச்சீட்டு, கூப்பன் புத்தகம் எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் கீழே சொல்லுங்கள். வந்து எடுத்துப் போய், முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.