மிளகு நீரும் நுணுக்குக்காட்டியும்

மிளகு நாவில் ஏன் உறைக்கின்றது? இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் ஒல்லாந்தர், அதனினும் பெரியதோர் உண்மையைக் கண்டார். டெல்வ்ற் நகரத்துத் துணி வணிகரான அன்ரனி வான் லீவன்குக் என்பவரே அவர். 1632ஆம் ஆண்டிற் பிறந்த அவர், பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரல்லர். தாய்மொழியன்றி வேறு மொழி அறிந்தவருமல்லர். ஆயினும், தாமே ஆக்கிய சிறு கண்ணாடி வில்லைகளின் உதவியாற் பொருள்களை இருநூறு மடங்குக்கு மேலாகவும் பெருக்கிக் கண்டார்.

மிளகிலுள்ள நுண்ணிய முட்கள் நாவைக் குத்துகின்றனவோ என்று அவர் ஐயுற்றார். அதனை ஆராயும்பொருட்டு மிளகை நீரில் ஊறவைத்தார். சில வாரங்களின் பின்னர், 1676ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள், அந்நீரின் துளியொன்றில் எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் இருக்கக் கண்டார். அவற்றுள் மிகச் சிறியவை, இன்று நாம் பற்றீரியா என்று வழங்கும் உயிர்களே. உறைப்புக்குக் காரணம் முள்ளன்று, பிப்பெரின் என்னும் இரசாயனப் பொருள் என்பது 1819ஆம் ஆண்டின் பின்னரே தெளிவாயிற்று.

ஒற்றோபர் மாதத்தில் அவர் இச்செய்தியை இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதினார். அறிஞர்கள் உடனே நம்பினார்களல்லர். தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை அவர் எவர்க்கும் வெளியிடாமையும் ஐயத்துக்கு இடமளித்தது. நேரிற் கண்டோர் எண்மரின் சான்றிதழ்களை அவர் அனுப்பிவைத்தார். எனினும், வழக்கைத் தீர்த்தது சான்றிதழன்று, மிளகு நீரே. றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி தாமும் மிளகை ஊறவைத்து, அந்நீரை மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டு, 1677 நவம்பரிற் கழகத்தார்க்குக் காட்டினார். கண்டவர்கள் நம்பினார்கள்.

பின்னர், 1683ஆம் ஆண்டில், தம் பல்லிடுக்கிற் படிந்த அழுக்கிலும் லீவன்குக் இத்தகைய உயிர்களைக் கண்டார். வினாகிரியால் வாயைக் கொப்பளித்தும் அவை ஒழியவில்லை. அழுக்கை வெளியே எடுத்து வினாகிரியுடன் கலந்தபோதோ அவை மடிந்தன. படிவின் உட்புறத்தை வினாகிரி எட்டவில்லை என்று அவர் சரியாகவே முடிவுசெய்தார்.

ஆனால், இத்தகைய உயிர்களுட் சில நோய் விளைப்பன என்பதை அவர் அறியவில்லை. அடைப்பான் நோய்க்குக் காரணமான கிருமியை றொபேட் கொக் 1876இல் நிறுவும்வரை இருநூறு ஆண்டுகள் கழிந்தன.

லீவன்குக் தம் வில்லைகளின் இரகசியத்தை வெளியிடாமலே 1723இற் காலமானார். மிளகை நீரில் ஊறவைப்பதில் இரகசியம் ஏதுமில்லை. பிறரும் செய்து பார்க்கக் கூடியதாயிருந்தமையாலேயே அவர் கண்ட காட்சி அறிவியலாக நிலைத்தது.