மாணவர்களிடம் அடிவாங்கிய பேராசிரியர், அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானது எப்படி? யார் இந்த முஷிருல் ஹசன்?

டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம், பழைய ஆட்கள் ஒருவரை நினைவுகூர்வார்கள். வரலாற்றுப் பேராசிரியர் முஷிருல் ஹசன். 2004 முதல் 2009 வரை அங்கே துணைவேந்தராக இருந்தவர். அந்த நாற்காலிக்கு அவர் வந்து சேர்ந்த பாதை கொஞ்சம் விசித்திரமானது.

1949 ஆகஸ்ட் 15-ல் பிறந்தவர். அப்பா மொஹிப்புல் ஹசனும் வரலாற்று ஆசிரியர்தான். திப்பு சுல்தான் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. மகன் அலிகரில் எம்.ஏ., கேம்பிரிட்ஜில் பி.எச்.டி. முடித்தார். முப்பது வயதைத் தாண்டியதுமே ஜாமியாவில் பேராசிரியர். இந்தியாவிலேயே மிக இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர்களில் ஒருவர் என்று சொல்வார்கள்.

அவர் கையில் எடுத்தது பிரிவினை வரலாறு. இந்துக்களும் முஸ்லிம்களும் பிரிந்தே தீருவார்கள் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட விதியா? இல்லை என்பதுதான் அவர் பதில். முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிற ஒற்றைக் கூட்டம் அல்ல, பிரிவினையைக் கடைசி வரை எதிர்த்த முஸ்லிம்களும் நிறைய பேர் இருந்தார்கள் என்று ஆவணங்களை வைத்துக் காட்டினார். ஜாமியாவை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஏ. அன்சாரியின் வாழ்க்கையை எழுதியதும் இதற்காகத்தான்.

1992-ல் என்ன நடந்தது?

சல்மான் ருஷ்டியின் 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலை இந்தியாவுக்குள் கொண்டுவர 1988-ல் மத்திய அரசு தடை போட்டது. நான்கு வருஷம் கழித்து, ஜாமியாவின் இணைத் துணைவேந்தராக இருந்த ஹசனிடம் ஒரு பத்திரிகை இதுபற்றிக் கேட்டது. தடை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், வளாகமே கொதித்தது. பதவி விலகச் சொல்லி மாணவர்கள் போராட்டம். புத்தகத்தில் இருப்பதை நான் ஆதரிக்கவில்லை, தடையைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று விளக்கம் கொடுத்தார். யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. மாதக்கணக்கில் விலகி இருந்துவிட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் வளாகத்துக்குள் வந்தபோது அவர் தாக்கப்பட்டார். பலத்த காயம். பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் அதே மாதம்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அன்றைய சூடு எப்படி இருந்திருக்கும் என்பது புரியும். அதன்பிறகு நீண்ட காலம் அவரால் சகஜமாக வளாகத்துக்குள் வர முடியவில்லை.

ஆனால் வேலையை விட்டு ஓடவில்லை. சொன்ன கருத்தையும் வாபஸ் வாங்கவில்லை. அவருடைய முக்கியமான நூல்கள் சில வந்ததே இதற்குப் பிறகுதான். 2004-ல் அதே ஜாமியாவுக்குத் துணைவேந்தர் ஆனார். மூன்று ஆண்டுகளில் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

மறுபடி புயல்

2008 செப்டம்பர் 13-ல் டெல்லியில் தொடர் குண்டுவெடிப்பு. ஆறாம் நாள், ஜாமியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பட்லா ஹவுஸ் பகுதியில் போலீஸ் என்கவுன்ட்டர். குண்டுவெடிப்பில் தொடர்புடையவர்கள் என்று போலீஸ் சொன்ன இரண்டு இளைஞர்களும், இன்ஸ்பெக்டர் மோகன் சந்த் சர்மாவும் உயிரிழந்தார்கள். அடுத்து கைதானவர்களில் ஜாமியா மாணவர்களும் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் பெரும்பாலான துணைவேந்தர்கள் என்ன செய்திருப்பார்கள்? சஸ்பெண்ட் ஆர்டர் போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். ஹசன், கைதான மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் சட்ட உதவி செய்யும் என்று அறிவித்தார். குற்றம் நிரூபணமாகும் வரை அவர்கள் நிரபராதிகள், வக்கீல் வைத்துக்கொள்வது அவர்களின் உரிமை என்பது அவர் வாதம். பயங்கரவாதிகளுக்கு வக்காலத்தா என்று பா.ஜ.க. கடுமையாகச் சாடியது. மத்திய மனிதவள அமைச்சர் அர்ஜுன் சிங் ஹசன் பக்கம் நின்றார்.

இன்ஸ்பெக்டர் கொலை வழக்கில் 2013-ல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சட்ட உதவியைக் குறை சொன்னவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவதுண்டு. ஆனால் யார் குற்றவாளி, யார் இல்லை என்று ஹசன் தீர்ப்பு சொல்லவில்லை. வக்கீல் கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். ரெண்டும் வேறு வேறு.

ஒரு முறை சொந்த மாணவர்களிடம் கெட்ட பேர், இன்னொரு முறை மாணவர்களுக்காக வெளியே கெட்ட பேர். ரெண்டு முறையும் அவர் நின்றது கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம்.

கடைசிக் காலம்

2010-ல் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரானார். 2014-ல் நடந்த சாலை விபத்தில் தலையில் படுகாயமடைந்து, அதிலிருந்து முழுசாக மீளவேயில்லை. 2018 டிசம்பர் 10-ல் காலமானார். உடல் ஜாமியாவின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவரை அடிவாங்க வைத்த அந்தத் தடை என்ன ஆச்சு? 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 1988-ல் போட்ட தடை உத்தரவின் நகலை அதிகாரிகளால் காட்ட முடியவில்லை. அப்படியொரு உத்தரவே இல்லை என்றுதான் கருத வேண்டியிருக்கிறது என நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே டெல்லி புத்தகக் கடையில் அந்த நாவல் விற்பனைக்கு வந்தது.