மயிலாப்பூரிலிருந்து வடக்கே ஓடம் ஏறினால்

போன மாதம் நண்பர் ஒருவர் நார்வே போய்விட்டு வந்தார். பெரிய சொகுசுக் கப்பல் இல்லையாம். நூறு பேர் மட்டும் ஏறும் சின்னக் கப்பல். ஊரே இல்லாத கரையாகப் பார்த்து நங்கூரம் போட்டு, ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராக இறக்கிவிடுவார்களாம். மாட வீதியில் காபி குடித்துக்கொண்டே போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கறுத்த பாறை, பனி, கூட்டமாகப் பறவைகள். கடைசியில், "இந்த மாதிரி நம்ம பக்கம் எதுவும் இல்லையே சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் அப்படி ஒரு பயணத்தின் படகுத்துறை இருந்தது. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவே கறுப்பாக ஒன்று தேங்கி நிற்கிறதே, அதுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தப் பக்கிங்காம் கால்வாயில் ஓடம் ஏறினால், ஒரு காலத்தில் எண்ணூர், பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா, கிருஷ்ணபட்டினம் என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கலாம். பெத்தகஞ்சத்தில் கிருஷ்ணா டெல்டாவின் கால்வாய்களில் சேர்ந்துவிட்டால் பெஜவாடா, அதற்கும் மேலே காக்கிநாடா வரை தண்ணீர்ப் பாதைதான். தெற்கே மரக்காணம் வரை ஒரு கை நீளும். பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை மட்டும் சுமார் 420 கிலோமீட்டர்.

நண்பர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நார்வேயை வைத்தே ஆரம்பிக்கலாம். அந்தக் கரையில் 1893 ஜூலையில் ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு தபால் கப்பல் ஓட ஆரம்பித்தது. ஹுர்டிகுருட்டன் என்ற பெயரில் இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறுவது அதன் வாரிசில்தான். அங்கே வருடம் முழுக்கச் சின்னக் கப்பல் ஓட்ட முடிந்ததற்குக் காரணம் கரையோரத் தீவுகள். தீவு வரிசைக்கு உள்ளே அலையடிக்காத ஒரு சந்து, தெரு மாதிரி நீண்டு போகிறது.

நம்ம சோழமண்டலக் கரையில் அப்படி ஒன்றும் கிடையாது. திறந்த கடல், மணல் கரை, உடைகிற அலை. சென்னையில் துறைமுக வேலை ஆரம்பித்ததே 1870களில்தான். அதுவரை கப்பல் தூரத்தில் நிற்கும், ஆளும் மூட்டையும் மசூலாப் படகில் ஆடி ஆடிக் கரைக்கு வரவேண்டும். வடகிழக்குப் பருவமழை, புயல் என்று வந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். ஆனால் இந்தக் கரைக்கு இன்னொரு குணம் உண்டு. மணல் மேட்டுக்கு உள்பக்கமாக, கடலுக்கு இணையாகவே உப்பங்கழிகள் கிடக்கின்றன. அவற்றை வெட்டி இணைத்துவிட்டால் நார்வேக்காரனுக்குத் தீவுகள் கொடுத்ததை நமக்கு மண்வெட்டி கொடுத்துவிடும். பக்கிங்காம் கால்வாய் என்பது இதுதான். முழுக்க முழுக்கத் தோண்டிய கால்வாய் இல்லை. கழிகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் கோத்த மாலை. ஆங்காங்கே லாக் கதவுகள் வைத்து, ஓதம் ஏறி இறங்கும்போது தண்ணீர் மட்டத்தைப் பிடித்துவைத்தார்கள்.

இந்த வடக்குக் கரையைச் சும்மா காட்டுக் கரை என்று தள்ளிவிட முடியாது. சென்னைப் பட்டணமே அங்கிருந்து கிளம்பி வந்த ஒன்றுதான். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். அதற்கும் வடக்கே துர்கராயபட்டினத்தில், அவர்கள் ஆர்மகான் என்று அழைத்த இடத்தில், ஆங்கிலேயர்கள் 1626 வாக்கில் கடை போட்டார்கள். வியாபாரம் சூடு பிடிக்கவில்லை. பக்கத்திலேயே டச்சுக்காரன், நல்ல துணியும் கிடைக்கவில்லை. அங்கே இருந்த பிரான்சிஸ் டே என்ற அதிகாரி கரையோரமாகத் தெற்கே இடம் தேடி வந்தார். 1639 ஆகஸ்ட் 22 தேதியிட்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கரின் சாசனம் அவர் கைக்குக் கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில் டேயும் கோகனும் ஆர்மகானை மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நாம் கொண்டாடுகிற மெட்ராஸ் தினத்துக்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்னக் கப்பல் பயணம்.

கால்வாய்க்கு வருவோம். முதல் துண்டை 1806இல் போட்டது பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படைக்குச் சாப்பாட்டுச் சரக்கு சப்ளை செய்து பெரும் பணம் சேர்த்தவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல். காக்ரேன் கால்வாய் என்றே பெயர். பேசின் பிரிட்ஜ் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த 'பேசின்' படகுகள் நிற்க வெட்டிய குளம்தான். இந்தக் காக்ரேன் லண்டனுக்குத் திரும்பிப் போய் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். அதில் வேலை பார்த்த ஷேக் தீன் முகமதுதான் 1810இல் லண்டனின் முதல் இந்திய உணவகத்தைத் திறந்தவர். கால்வாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

1837இல் அரசாங்கம் கால்வாயை எடுத்துக்கொண்டது. பழவேற்காடு, துர்கராயபட்டினம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நீட்டினார்கள். ஆனால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு இன்னும் படகு வரவில்லை. கூவத்தோடு வடக்குக் கால்வாய் நின்றுவிட்டது. தெற்குக் கால்வாய் அடையாற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் சுமார் 8 கிலோமீட்டர் மேட்டு நிலம். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி. இந்த 8 கிலோமீட்டரைத் தோண்டியது 1877-78இல்.

அந்த வருடத்தைப் பார்த்ததும் பழைய ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும். தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது, அடுத்த வருடமும் சரியாக இல்லை. தென்னிந்தியாவில் அரைக் கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிராமங்களிலிருந்து சனம் சென்னையை நோக்கி நடந்து வந்தது. கடற்கரையிலோ அரிசி மூட்டைகள் மலையாக அடுக்கிக் கிடந்தன. அதைக் காட்டும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. மூட்டை இருந்தது, வாங்கக் காசு இல்லை.

நிவாரணம் வேண்டுமா, வேலை செய் என்பது அன்றைய கொள்கை. கல்கத்தாவிலிருந்து வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். ஒரு ஆணுக்கு, நாள் முழுக்க உழைத்தால், ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். இன்றைய கணக்கில் 450 கிராம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிலும் குறைவு. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் சுமக்கிறவனுக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கட்சி. சண்டைக்குப் பிறகு ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் என்று ஏற்றினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அவர் லிட்டனைப் போல இல்லை. பஞ்சத்துக்கென்று தானியம் வாங்கிச் சேர்க்கப் போய்க் கல்கத்தாவிடம் திட்டு வாங்கியவர் அவருடைய அரசாங்கம்தான். ஆனால் 1878இல் கால்வாய்க்கு அவர் பெயரை வைத்ததை மட்டும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தோண்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. இந்த விவரங்களைப் படிப்பதற்கு முன்னால் ஓடம், நிலா, சவுக்குத் தோப்பு என்று நானும் கற்பனை செய்துகொண்டுதான் இருந்தேன். இப்போது லஸ் பக்கம் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த 450 கிராம் ஞாபகத்துக்கு வருகிறது.

அவர்கள் வெட்டியதில் ஊரே சாப்பிட்டது என்பதும் உண்மை. என் பாட்டி விறகடுப்பில் சமைத்தவள். கால்வாய்க் கரை விறகுத் தொட்டியில் வாங்கினால்தான் அவளுக்குத் திருப்தி. "ஓடத்துல வந்த சவுக்குடா, நின்னு எரியும்" என்பாள். ஸ்ரீஹரிகோட்டாக் காட்டிலிருந்து விறகு, பழவேற்காட்டுப் பக்கமிருந்து சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், உப்பளங்களிலிருந்து உப்பு, நெல்லூர்ப் பக்கமிருந்து நெல், கருவாடு. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாதென்றால் ஒருவர் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். தெற்கே மாமல்லபுரத்துக்கு இதே கால்வாயில் போனதைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாடியிருக்கிறார். கயிறு இழுக்கிறவனின் பாட்டை அவர் கண் தவறவிடவில்லை.

வடக்குப் பாதையின் அழகு எண்ணூர் தாண்டித்தான். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், அப்புறம் பழவேற்காடு ஏரி. சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. யானாதிகள் தேனும் கிழங்கும் தேடிய காடு. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது விறகு ஓடங்களின் காலம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது.

எப்படி முடிந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 1899இல் பெஜவாடாவுக்கு ரயில் வந்ததும் தூரத்துச் சரக்கு போய்விட்டது. பிறகு லாரி. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தன. சரிசெய்ய யாருக்கும் அவசரம் இல்லை. நகரத்துக்குள் சாக்கடையைத் திருப்பிவிட்டோம். 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினோம். 1997இல் திருமயிலை வரை ரயில் ஓடியது. நானும் அதில்தான் போகிறேன், குறை சொல்ல யோக்கியதை இல்லை. 2008இல் இந்தக் கால்வாயையும் சேர்த்து காக்கிநாடா-புதுச்சேரி வழியைத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். மயிலாப்பூர்த் துண்டில் எந்தப் படகு எந்தத் தூணைச் சுற்றிப் போகும் என்று யோசித்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இத்தனைக்கும் 2004 சுனாமி அன்று, சென்னைக்கு வடக்கே பெத்தகஞ்சம் வரை, கடல் ஏறி வந்த தண்ணீரை வாங்கி நிறுத்தி உள்ளே இருந்த பலரைக் காப்பாற்றியது இந்தப் பள்ளம்தான்.

கதையைக் கேட்ட நண்பர் சும்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம், நாலு பேர். டச்சுக் கல்லறையின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு ஒரு மீனவரின் படகில் ஏறினோம். இன்ஜின் வைத்த பைபர் படகு. கொஞ்ச தூரம் போனதும் அவர் கையை நீட்டி, "இதான் சார் கெனாலு. எங்க தாத்தா மெட்ராஸுக்குக் கருவாடு ஏத்திகினு போனது இதுலதான்" என்றார். எங்கள் கண்ணுக்கு ஏரியும் அதுவும் ஒன்றாகத்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது தண்ணீரின் நிறம் மட்டும் ஒரு கோடு போல மாறியிருந்தது. தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். வடக்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சமும் பறவைகளும். நார்வே நண்பர் போனை எடுக்கவே மறந்துவிட்டார்.

அரை மணி நேரம் போயிருப்போம். அடியில் சேறு உரசும் சத்தம் கேட்டது. படகுக்காரர் இன்ஜினை அணைத்து மேலே தூக்கினார்.

"இதுக்கு மேல இழுத்துகினுதான் போவணும் சார். நானு ஒருத்தனா இழுத்தா நாலு பேரு வெயிட்டு தாங்காது. எறங்குறீங்களா?"

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். சேறு முழங்கால் வரை வந்தது. கயிற்றின் ஒரு நுனியை அவர் எடுத்துக்கொண்டு மறு நுனியை என்னிடம் நீட்டினார்.